இருநூற்று மூன்றாம் நாள் பிளீச்

மூன்று வாரம் நெப்ராஸ்காவில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு பாலைவன ஊரான மேசாவுக்குத் திரும்பினால், எங்கள் வீட்டு நீச்சல் குளம் பட்டாணி சூப் நிறத்தில் இருந்தது. அதன் மேல் சோப்பு நுரை. லாவெண்டர் வாசனை வேறு. முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனை நம்பிக் குளத்தை விட்டுப் போனேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரன் வெண்டல் எதையும் மறைக்கவில்லை. புழுதிக் காற்று அடித்ததாம், தண்ணீர் பச்சையானதாம், கடைக்குப் போய் பிளீச் வாங்கி ஊற்றினானாம். அவன் வாங்கியது, கையில் தெறிக்கக் கூடாதென்று கொழகொழப்பாகச் செய்த வாசனைச் சலவை பிளீச். துணிக்கு அது சரி. குளத்தில் ஊற்றினால் நுரைதான் மிச்சம்.

அதோடு நின்றிருந்தால் மன்னித்திருப்பேன். குளத்தை இடித்து மண் போட்டு மூட டுவேன் என்ற ஆளுக்குச் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இயந்திரம் வரும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதுதான் இது.

"நமக்கு வயசாயிடுச்சு, நோரீன். யாரு இதோட மாரடிக்கறது?" என்றான்.

"நமக்குன்னு சொல்லாத. உனக்கு."

என் வலது முழங்கால் தேய்ந்து நாலு வருஷம் ஆகிறது. தரையில் கைத்தடி இல்லாமல் பத்தடி போக முடியாது. விடிந்ததும் மார்பளவு தண்ணீரில் இறங்கினால் மட்டும் அந்தக் கால் மறுபடி என்னுடையதாகிவிடும். அந்த நேரத்தில் வெண்டல் கோல்ஃப் ஆடப் போயிருப்பான். நான் சொல்லும்போது தலையாட்டியிருக்கிறான், காதில் வாங்கினானோ என்னவோ.

அன்று புதன்கிழமை. டுவேன் வரும்போது குளத்து அடியிலிருக்கும் வடிகால் மூடி கண்ணுக்குத் தெரிந்தால் அவனைத் திருப்பி அனுப்புவதாக வெண்டலிடம் வாக்கு வாங்கினேன். எங்கே தெரியப் போகிறது என்ற தைரியத்தில்தான் அவன் சரி என்றான்.

கடைக்கு இரண்டு பேரும் போனோம். வெளி முற்றத்தில், நூற்றுப் பன்னிரண்டு டிகிரி வெயிலில், குளத்துக்கான குளோரின் மஞ்சள் கேன்களில் அடுக்கியிருந்தது. இரண்டும் ஒரே சரக்குதான், ஆனால் இதன் வீரியம் பத்து சதவீதம், சலவை பிளீச் வெறும் ஏழரை என்று கடைக்கார இளைஞன் ஒப்பித்தான். பார்த்தாயா என்கிற மாதிரி வெண்டல் என்னைப் பார்த்தான்.

நான் கேனைத் திருப்பி, கழுத்தில் அச்சடித்த எண்ணைப் படித்தேன். பத்தொன்பது வருஷம் மளிகைக் கடைக் கிடங்கில் சரக்கு இறக்கிக் கணக்குப் பார்த்தவள் நான். முதல் இரண்டு எண் வருஷம், அடுத்த மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது.

"தம்பி, பத்து சதவீதம்ங்கறது அடைச்ச அன்னிக்குக் கணக்கு. இது நாப்பத்தோராம் நாள் அடைச்சது. பிப்ரவரி. ஆறு மாசமா வெயில்ல வெந்துட்டிருக்கு. பாதிகூடத் தேறாது."

"பிளீச் கெட்டுப்போகுமா மேடம்? அது என்ன பாலா?"

"பால் கெட்டா திரிஞ்சு காட்டிக்கொடுக்கும். இது கெட்டா சும்மா தண்ணி மாதிரி உக்காந்திருக்கும்."

புதுச் சரக்கு அடுத்த வாரம்தான் வருமாம். நான் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே, குளிர்சாதனம் ஓடுகிற சலவைப் பக்கம் போனேன். அடித்தட்டில், யாரும் சீந்தாத மலிவு பிளீச் இருந்தது. வாசனை இல்லை, கொழகொழப்பு இல்லை, துணியின் சாயத்தைக் காக்கும் சமாச்சாரம் எதுவும் இல்லை. எண் இருநூற்று மூன்று, அதாவது ஜூலை பின்பாதி. அடைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பதினாறு புட்டி எடுத்து வைக்கச் சொன்னேன்.

"ஊர்த் துணி பூராத்தையும் துவைக்கப் போறியா?"

"நீ பண்ணி வெச்சதைத் துவைச்சா போதும். வண்டியைத் தள்ளு."

நுரைத் தண்ணீரை ஓரடி இறைத்து, புதுத் தண்ணீர் விட்டேன். பகலில் ஊற்றினால் வெயிலே குளோரினைத் தின்றுவிடும் என்பதால் தினமும் பொழுது சாய்ந்த பிறகு ஊற்றினேன். நீளக் கழி வைத்த பிரஷ்ஷையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு சுவரெல்லாம் தேய்த்தேன். வடிகட்டியை நிறுத்தவே இல்லை. வெள்ளிக்கிழமை பச்சை போய்ச் சாம்பல் நிறமானது. சனிக்கிழமை முழுக்க வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

"செத்துப்போச்சு, விடு," என்றான் வெண்டல்.

"செத்தது பாசி."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, ஞாயிறு சாயங்காலமும் படிகள்தான் தெரிந்தன, மூடி தெரியவில்லை.  இந்தக் காலோடு மிச்ச ஆயுள் முழுவதும் நாற்காலியில் உட்கார வேண்டுமோ என்று பயந்தேன்.

திங்கள் காலை ஐந்தரைக்கு ஓரத்தில் போய் நின்றேன். மூடி தெரிந்தது. அதன் இரண்டு திருகாணியும் தெரிந்தன. குளோரின் அளவு காட்டும் சோதனைப் பெட்டியில் தண்ணீரைப் பார்த்தேன், இறங்கலாம் என்றது. தடியைக் கரையில் போட்டுவிட்டு இறங்கினேன்.

ஏழு மணிக்கு டுவேன் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து, சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இடிக்கச் சொன்ன குளம் எது சார்?"

பின்னாலேயே வெண்டல் காபியோடு வந்தான். அன்று கோல்ஃபுக்குப் போகவில்லை. நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

"வெண்டல், மூடி தெரியுதா?"

அவன் மூடியைப் பார்க்கவே இல்லை.

"நீ நொண்டாம நடக்கற," என்றான்.

"நாலு வருஷமா தினம் காலைல இப்படித்தான் நடக்கறேன்."

காபிக் கோப்பையைக் கரையில் வைத்தான். பிறகு டுவேன் பக்கம் திரும்பினான். "வண்டியைத் திருப்பிக்கப்பா. இது என் பொண்டாட்டி நடக்கற இடம்."

ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு சுற்று நடந்தேன்.