ஜமுனாவுக்குச் சேராத மதியம்

ஜமுனாவுக்கு மதியம் சேரவில்லை என்று தெரிந்ததும், வீட்டில் இருந்த மதியத்தை எடுத்து வெளியே வைத்துவிடுவது என்று பூங்கோதையும் கதிர்வேலும் முடிவு செய்தார்கள். ஜமுனா அந்தத் தம்பதி வளர்க்கும் முயல். சாம்பல் நிறம். ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்தே இருக்கும்.

தும்மல் மார்கழியில் ஆரம்பித்தது. முயலின் தும்மல் பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரக் கைக்குட்டையை யாரோ ஒரு தடவை உதறியது போல இருக்கும். அந்தச் சின்னச் சத்தத்துக்கும் எதிர் வீட்டு நாச்சிமுத்து, தன் வீட்டுக்குள் இருந்தபடியே "நூறு வயசு" என்பார். அடுத்ததுக்கு இருநூறு. தை பிறந்து ஜமுனா விடாமல் தும்ம ஆரம்பித்தபோது, அவர் ஆயிரங்களில் போய்க்கொண்டிருந்தார், குரல் கம்மிவிட்டது.

கால்நடை மருத்துவர் மெர்சி, மேஜையில் துண்டு விரித்து ஜமுனாவை உட்கார வைத்துப் பார்த்தார். மூக்கிலிருந்து வருவது வெறும் தண்ணீர்தான். கெட்டியாக, வெள்ளையாக வந்திருந்தால் வேறு கதை, மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்றார். பல்லைப் பார்த்தார். விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முன்னங்கால்களின் உட்புறத்தில் ரோமம் ஈரமாக ஒட்டிக்கிடந்ததைக் காட்டி, மூக்கை இதில்தான் துடைத்துக்கொள்கிறாள் என்றார். வீட்டில் ஏதோ ஒன்று அவளுக்குச் சேரவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வையுங்கள். எது போனதும் தும்மல் நிற்கிறதோ, அதுதான்.

அப்படியே செய்தார்கள். கூண்டில் பரப்பியிருந்த மரத்தூளை வாரிவிட்டுச் செய்தித்தாள் போட்டார்கள். காய்ந்த புல்லை மொட்டை மாடியில் தூசி போக உதறிக் கொண்டுவந்தார்கள். சாம்பிராணி போனது, கொசுவத்தி போனது, பூங்கோதையின் பவுடர் டப்பா போனது. திரைச்சீலை, மெத்தை, சோபா எல்லாம் காரிடாருக்குப் போய்விட்டன. ஒரு நாள் கதிர்வேலே காரிடாரில் சோபாவின்மேல் போய் உட்கார்ந்து பார்த்தான். உள்ளே தும்மல் நிற்கவில்லை. பூங்கோதை அவனைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டாள். மறுநாள் அவள் போய் உட்கார்ந்தாள். அப்போதும் நிற்கவில்லை. இருவருக்குமே உள்ளூர ஒரு நிம்மதி. யாரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீடு முழுக்கக் காலியான பிறகு மெர்சியே நேரில் வந்தார். வெறும் தரையில் ஜமுனாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். காலை முழுக்க ஒன்றுமில்லை. பால்கனி வழியாக வெயில் வந்து தரையில் சதுரமாக விழுந்ததும் ஜமுனா தும்மினாள். வெயில் ஏறித் தெருவில் சத்தம் அடங்கி, மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்ட நேரத்தில் தும்மல் உச்சத்துக்குப் போனது. வெயில் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

"மதியம்தான்," என்றார் மெர்சி. "சிலதுக்குப் பனி சேராது. இவளுக்கு இது."

தூக்கி எறிய வேண்டியதில்லை, நல்லதுதான், காற்றோட்டமான இடத்தில் மடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம், ராத்திரியாகிவிடும்.

மதியத்தை எடுப்பது துவைத்த போர்வையை மடிப்பது போலத்தான் இருந்தது. கதிர்வேல் சமையலறைப் பக்கம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், பூங்கோதை பால்கனிப் பக்கம். இரண்டு பேரும் நடந்து வந்து நடுவில் சேர்ந்தார்கள். நினைத்ததைவிடக் கனம். ஆறிப்போன சாம்பாரின் வாசனை, கீழ் வீட்டு மிக்ஸியின் சத்தம், தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிப்புகை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. ஜமக்காளத்தில் சுற்றிக் காரிடாரில் வைத்தார்கள். பொது வழியில் இதையெல்லாம் வைக்கக்கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அன்றைக்கே வந்து சொல்லிவிட்டார். படியேறி வருகிறவர்கள் எல்லாம் அந்த இடத்தில் கொட்டாவி விட்டு உட்கார்ந்துவிடுகிறார்களாம். தபால்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

நாச்சிமுத்துதான் கேட்டு வாங்கிக்கொண்டார். நூற்பாலையில் பகல் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனி ஆள்.

"எனக்குக் குடுங்க அம்மிணி," என்றார். "எங்கூட்டுக்கு வர்ற மதியம் இருட்டுங்க. கிழக்குப் பார்த்த வீடு. உங்களுது பாருங்க, எப்படி வெளிச்சமா இருக்குது."

ஜமுனாவின் தும்மல் அன்றோடு நின்றது. இரண்டே நாளில் முன்னங்கால் ரோமம் உலர்ந்து பொசுபொசுவென்று எழும்பியது. கொத்தமல்லித் தழையை முழுக் கட்டாகத் தின்றாள்.

வீட்டில் காலை முடிந்ததும் நேராக மாலை வந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. முதல் வாரம் பூங்கோதைக்கு அது வசதியாகக்கூட இருந்தது. பிறகுதான், எடுத்து வைத்ததற்குள் வேறு என்ன இருந்தது என்று யோசித்தாள்.

அவளுக்குப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. விடியும் முன்பே போய், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவாள். கதிர்வேலுக்கு வெளிநாட்டுக்காரர்களுக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்கும் கம்பெனியில் வேலை. மாலையில் கார் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும், அவள் போன பிறகு கொண்டுவந்து இறக்கும். அவன் காலை முழுக்கத் தூங்குவான். அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் விழித்திருந்தது மதியத்தில் மட்டும்தான். இப்போது அவள் படியேறும்போது அவன் படியிறங்கினான். "சாப்பாடு இருக்கு," என்பான். "பார்த்துப் போங்க," என்பாள். "கோதை, ஒண்ணு சொல்லணும்," என்று அவன் ஆரம்பிப்பான். கீழே கார் ஹாரன் அடிக்கும்.

அவன் சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவனை ஹைதராபாத் கிளைக்குப் போகச் சொல்கிறார்கள். போகிறானா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். அவனோடு வேலை செய்கிறவனின் மனைவி பால் வாங்க வந்தபோது சொன்னாள். பூங்கோதை அதைக் கேட்காதது போல இருந்தாள். அவன் வாயால் சொல்லி, அதற்கு அவள் ஒன்று சொல்லி, இரண்டு பேருமாக முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. அதற்குத்தான் வீட்டில் இடமில்லாமல் போய்விட்டது.

ஆகவே ஒரு நாள் இருவரும் சொல்லி வைத்துக்கொண்டு, தங்கள் மதியத்தில் உட்காருவதற்காக நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனார்கள்.

அவர் இரண்டு மதியங்களையும் ஒட்டுப்போட்டு வைத்திருந்தார். முதலில் அவருடைய இருட்டு மதியம் வந்து முடியும், பிறகு இவர்களுடையது வெளிச்சமாகத் தொடங்கும். முதலாவதில் படுப்பதும், இரண்டாவதில் எழுந்து முறுக்கு சாப்பிடுவதுமாக வழக்கம் வைத்திருந்தார். இவர்களுக்கு மோர் கொடுத்தார். சோபாவில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"கோதை, அந்த ஆபீஸ் விஷயம்..." என்று கதிர்வேல் தொடங்கினான்.

நாச்சிமுத்து எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க தம்பி. கூச்சப்படாதீங்க. உங்க மதியம்தானுங்களே."

கதிர்வேல் தண்ணீர் லாரி நேரத்துக்கு வருவதில்லை என்பதைப் பற்றி ஆபீசில் பேசிக்கொண்டதாகச் சொன்னான். நாச்சிமுத்துவுக்கு அதில் நிறையச் சொல்ல இருந்தது. மதியம் முடியும்வரை அதையே பேசினார்கள்.

மெர்சியிடம் கேட்டபோது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிப் பார்க்கலாம் என்றார். நாச்சிமுத்து மதியத்தின் ஓரத்திலிருந்து ஒரு ஸ்பூன் கிள்ளிக் கொடுத்தார். அதைக் கொத்தமல்லித் தழையில் தூவி வைத்தாள் பூங்கோதை. ஜமுனா ஒரு வாய் மென்றுவிட்டு, மூக்கைச் சுளித்து, கூண்டு ஆடும் அளவுக்குத் தும்மினாள். தழையை எடுத்துக் கீழே கொட்டினார்கள். அந்த இடத்தில் நின்ற தெருப்பூனை ஒன்று சாயங்காலம் வரை தூங்கியது.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஜமுனாவை யாருக்காவது கொடுத்துவிட்டு மதியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. பூங்கோதை அதைக் கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். ராத்திரியில் கட்டிலின் காலடியில் படுத்து அவளுக்குத் துணையாக இருப்பது ஜமுனாதான். காலையில் அதே இடத்தில் அவனுக்குத் துணையாக இருப்பதும் அவள்தான். ஜமுனா போனால் மதியம் கிடைக்கும், மற்ற நேரம் முழுக்க ஆளுக்கொரு காலி வீடு. ஜமுனா இருந்தால் மாதம் முடிந்ததும் அவன் ஹைதராபாத்தில் இருப்பான். ஜமுனா அவள் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

இதை அவள் நாச்சிமுத்துவிடம் சொன்னது, அவர் கொடுத்தனுப்பியிருந்த மோர்ச் செம்பைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில். சுருக்கமாகத்தான் சொன்னாள். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். அன்றைய இரண்டு மதியங்களும் தீர்ந்தன. விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து கதவருகே நின்றார்.

"ஜமுனாவை மில்லுக்கு அனுப்புங்க," என்றார்.

பூங்கோதை அவரை உள்ளே வரச் சொன்னாள். அவர் வரவில்லை.

"மில்லுக்குள்ள மதியம் வராதுங்க அம்மிணி. ஜன்னல் கிடையாது, எந்நேரமும் ட்யூப் லைட்டு. நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு மதியம்கூட உள்ள வந்து நான் பார்க்கல. வந்திருந்தா நான் எதுக்கு உங்களுதைக் கேட்டு வாங்கப்போறேன்."

"அங்க பஞ்சுத் தூசி இருக்குமே," என்றாள் பூங்கோதை.

"தூசியெல்லாம் அதுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னுதான் நீங்களே வீட்டைக் காலி பண்ணிப் பார்த்தீங்களே."

அது உண்மைதான். மெர்சியும் போனில் அதையே சொன்னார். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் கூடவே அனுப்பச் சொன்னார். நாச்சிமுத்து மில்லில் மேஸ்திரியிடம் பேசினார். நூற்கும் இயந்திரங்களுக்கு அடியில் சேரும் கழிவுப் பஞ்சை எடுக்க, குனியாமலே குட்டையாக இருக்கும் ஆள் அவர்களுக்கு வெகு நாளாகத் தேவைப்பட்டது. ஜமுனாவுக்கு அரை ஷிப்ட் போட்டுக் கொடுத்தார்கள். காலை முடியும் நேரத்தில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். இருட்டும் முன்பு கொண்டுவந்து விட்டுவிடும்.

முதல் நாள் ஜமுனா வேனில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து ஜமக்காளத்தில் சுற்றிய மதியத்தைத் தோளில் தூக்கிவந்து, ஹாலில் இறக்கி வைத்தார். ஒட்டுப்போட்ட இடத்தில் நூலைப் பிரித்துத்தான் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் முறுக்குத் துணுக்கு இருந்தால் தட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தார்கள். வெயில் சதுரமாகத் தரையில் விழுந்தது. மடிப்பு இருந்த இடத்தில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கதிர்வேல் சாப்பிட உட்கார்ந்தான். ரசத்தில் உப்புச் சரியாக இருக்கிறது என்றான். அதையே இன்னொரு தடவையும் சொன்னான். பிறகு தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஹைதராபாத் போகச் சொல்றாங்க."

"தெரியும்."

"தெரியுமா? கேட்கவே இல்லையே நீ."

"நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்."

அவன் காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனால் ராத்திரி வேலை இல்லை, பகல் வேலைதான் என்றான். ஆனால் அங்கே தனியாக இருக்க வேண்டும். அவளும் கூட வந்தால் பால் சங்க வேலையை விட வேண்டும். போகாவிட்டால் இப்படியேதான், இந்த மதியத்தோடு, எத்தனை வருஷமோ. எதைச் சொன்னாலும் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று பயந்து, தினமும் படியிறங்கும்போது கார் சீக்கிரம் ஹாரன் அடித்தால் தேவலை என்று இருந்ததாம். இதையும் சொன்னான்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டான்.

"சொல்றேன். ஆனா அது ஒரு வார்த்தையில முடியாதுங்க," என்றாள் பூங்கோதை. "மொதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."

அவன் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். அவள் வாயைத் திறந்தாள். அழைப்பு மணி அடித்தது.

பூங்கோதை எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மாலை வந்திருந்தது. வழக்கமான நேரத்துக்குத்தான் வந்திருந்தது; செம்மண் நிறத்தில், காக்கைச் சத்தத்தோடு, உள்ளே வருவதற்காக ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது.

"கொஞ்சம் வெளியில இருங்க," என்றாள் பூங்கோதை. "நாங்க பேசிட்டிருக்கோம்."

மாலை செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு நகர்ந்து நின்றது. அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, கதிர்வேலின் எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

வெளியே நாச்சிமுத்து தன் கதவைத் திறந்து பார்த்தார். யாரோ நின்றுகொண்டிருப்பதைக் கண்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். காபி போடுகிறேன், சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். அரை ஸ்பூன் போதும் என்றது மாலை.