அலமாரியில் யோர்தான்

எங்கள் பெரியண்ணன், இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதிக்குப் போய்வந்தார். நதி அங்கேயேதான் ஓடுகிறது, ஆனால் அதன் உரிமை இவர் பெயருக்கு மாறிவிட்டது. ஒரு பாட்டில் பிடித்துவந்து, மெழுகால் மூடியை அடைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வருகிறவர்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. தூசி தட்டப்போன அண்ணிக்கு ஒரு வாரம் அர்ச்சனை நடந்தது. குடும்பத்தில் எந்தக் குழந்தைக்கும் அந்தத் தண்ணீரில் ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. ஒன்றுக்கும் அவ்வளவு தகுதி இல்லையாம்.

என் தங்கைக்கு வயிற்றைக் கிழித்து மகன் பிறந்தான். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு, மறுநாளே அறுவை சிகிச்சை. அவள் கணவன் கப்பலில் இருந்தான். பிள்ளை பிழைப்பானா என்று கேட்டதற்கு மருத்துவர் கூரையைப் பார்த்தார்.

"உள்ள கொண்டுபோறதுக்குள்ள ஞானஸ்நானம் குடுத்துடணும்க்கா" என்றாள் தங்கை. அதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

பங்குச் சாமியார் வெளியூரில் இருந்தார். போனில் சொன்னார்: "அவசரத்துக்கு யார் வேணாலும் குடுக்கலாம்மா. சாதாத் தண்ணி போதும்."

அண்ணனுக்குத்தான் போதவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் குழாய்த் தண்ணியா? யாரும் கை வைக்காதீங்க, இதோ வந்துட்டேன்!" என்று வீட்டுக்கு ஓடினார். ஒருவழியாக ஒரு பிள்ளைக்குத் தகுதி வந்துவிட்டதே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் போன் வந்தது. அலமாரிச் சாவியைக் காணோமாம். யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறார், மகராசன்.

"கண்ணாடிய உடைங்கண்ணா!" என்று கத்தினேன்.

"பாட்டில்ல கீறல் விழுந்துடும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே உடைத்திருப்பேன்.

அதற்குள் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியோடு தங்கையின் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். "சீக்கிரம்மா, தியேட்டர் ரெடி" என்றாள் நர்ஸ். தண்ணீருக்காக நான் திரும்பினேன். தங்கை தன் டம்ளரை நீட்டினாள். பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாக அவளுக்கு அனுமதித்த அரை டம்ளர். காலையிலிருந்து நர்ஸை நச்சரித்து வாங்கியது. உதடெல்லாம் வெடித்திருந்தும் அவள் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

பிள்ளையின் நெற்றியில் மூன்று முறை ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னேன். அவசரத்தில் மிச்சமெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. பதறாதீர்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டான். இன்று என்னையே கடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது. பிள்ளையைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்போதுதான் அண்ணன் வந்தார், எப்படியோ சாவியைக் கண்டுபிடித்து, வேர்க்க விறுவிறுக்க, பாட்டிலைச் சால்வையில் பொதிந்துகொண்டு.

"குடுத்தாச்சுண்ணா. ரெண்டாவது தடவ குடுக்க முடியாது" என்றேன்.

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. "எந்தத் தண்ணி?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தங்கை கண்ணைத் திறந்தாள். "அண்ணா, நாக்கெல்லாம் ஒட்டுது. குடிக்கத் தண்ணி ஏதாவது கொண்டுவந்தீங்களா?"

அண்ணன் சால்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார்.