உப்பனாற்றுப் பேயின் மீதிக் கதை

உத்திராபதி வகுப்புக்குள் செருப்போடு வந்தார். கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆரிபா திரும்புவதற்குள் மேசைமேல் ஒரு சின்னப் புத்தகம் வந்து விழுந்தது. 'உப்பனாற்றுப் பேய்'. அட்டையில் அவள் பெயர்.

"இத எழுதுனது நீதானே?"

"நான்தான். உக்காருங்க."

"உக்கார வரல. எம்பொண்ணு நாலஞ்சு நாளா ஜுரத்துல கெடக்குறா. தண்ணிக் குடத்தப் பாத்தாலே கத்துறா. ஆத்துலேருந்து பேய் ஏறி வருதாம். நீ பாடம் சொல்லிக் குடுக்க வந்தியா, புள்ளைங்கள சாவடிக்க வந்தியா?"

உத்திராபதிக்குக் கடலூர் முதுநகரில் கடலை எண்ணெய் மில் இருந்தது. அந்தப் பெண்கள் பள்ளியின் நிர்வாகக் கமிட்டியில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. வகுப்பில் இருந்த சிறுமிகள் கணக்கை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

ஆரிபா புத்தகத்தைக் கையில் எடுத்தாள். பாதி கனம்தான் இருந்தது.

"மீதிப் பக்கமெல்லாம் எங்க?"

"அவ படிச்சுக்கிட்டிருக்கும்போதே புடுங்கிக் கிழிச்சு அடுப்புல போட்டேன். மிச்சத்தயும் எரிக்கத்தான் போறேன். நீ எழுதுன அத்தனையும் எரியும், பாத்துக்க."

அவர் நேரே தலைமையாசிரியை சௌந்தரத்தின் அறைக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆரிபா கணக்கை முடித்தாள். பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். ஓடக்காரப் பெண் செல்லி தனியாக ஓடத்தில் இருக்கிறாள். ஆற்றிலிருந்து எழுந்த பேய் ஒரு காலை ஓடத்தில் வைக்கிறது. அந்த வரியோடு புத்தகம் கிழிந்திருந்தது.

ஆரிபாவுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. கல்யாணமாகி முதுநகருக்கு வந்தவள். கணவன் லியாக்கத் அலி ரயில்வே ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபடியே அவள் குழந்தைகளுக்கு எழுத ஆரம்பித்தாள். முதலில் வந்தது 'பல்லைக் காட்டு' என்ற சிரிப்புத் துணுக்குப் புத்தகம். பிறகு பேய்க் கதைகள். பழைய காப்பியம் ஒன்றையும் குழந்தைகளுக்குப் புரிகிற தமிழில் எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தாள். எல்லாவற்றையும் அச்சடித்தவர் சிதம்பரம் கீழவீதியில் அச்சகம் வைத்திருந்த தட்சிணாமூர்த்தி. பள்ளி அலமாரியில் அவள் புத்தகங்கள் மட்டும் ஒருபோதும் அடுக்கில் நிற்பதில்லை. ஒரு பெண் திருப்பித் தர வரும்போதே இன்னொருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

சாயங்காலம் லியாக்கத் அலியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் புள்ள எந்த எடத்துல நின்னுடுச்சு தெரியுமா மச்சான்? பேய் ஓடத்துல கால வச்சுது பாருங்க, அங்க. அதுக்கப்புறம் பக்கம் இல்ல. அவளுக்கு இன்னும் அந்தப் பேய் எறங்கவே இல்ல."

"அப்ப போயி மீதியச் சொல்லிட்டு வந்துடேன்."

மறுநாள் போனாள். உத்திராபதி வீட்டு வாசலில் இருந்த ஆள், "டீச்சரம்மாவ உள்ள விடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு" என்றான். மாடி ஜன்னலில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

அன்றே சௌந்தரம் அவளைக் கூப்பிட்டுக் கமிட்டியின் முடிவைச் சொன்னார். பேய்க் கதையும் துணுக்கும் எழுதியது தவறு, இனி எழுதமாட்டேன் என்று சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆரிபா கையெழுத்துப் போட வேண்டும். அலமாரியில் இருக்கும் புத்தகங்களைப் பள்ளிக்குப் பின்னால் வைத்துக் கொளுத்திவிடுவார்கள். காப்பியக் கதையை மட்டும் அவள் தாராளமாக எழுதலாம்.

ஆரிபா சிதம்பரத்துக்கு ரயில் ஏறினாள். தட்சிணாமூர்த்தியாவது தன் பக்கம் நிற்பார் என்று நினைத்தாள். அவர் காதுக்குச் செய்தி முன்பே போயிருந்தது.

"வாங்கம்மா. காப்பியம் அச்சுக் கோத்துக்கிட்டிருக்கு. பள்ளிக்கூடங்கள்ல அத வாங்குறதாப் பேச்சு. இந்த நேரத்துல நமக்குப் பேய் வேணுமா? துணுக்கையும் பேயையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம். ஒரு கையெழுத்துத்தானே, போட்டுடுங்க."

"காப்பியத்துல பூதம் வருதே. ஆள அடிச்சுத் திங்குதே. அத என்ன பண்ணப் போறீங்க?"

"அது இலக்கியம்மா."

"இலக்கியத்துல வர்ற பூதம் பல்லு வெளக்கிட்டு வருமா?"

எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தட்சிணாமூர்த்தி அவனை முறைத்தார்.

"வெளையாடாதீங்கம்மா. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நானும் வெளையாடல. துணுக்கும் பேயும் காப்பியமும் எழுதுனது இந்த ஒரே கைதான். அந்த ரெண்டையும் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு இத மட்டும் உங்க கையில குடுக்க எனக்கு வராது. வேணாம்னா கோத்த எழுத்தக் கலைச்சுப் போட்டுடுங்க."

டம்ளரில் வந்த காப்பியைக் குடிக்காமல் எழுந்தாள். கீழவீதியில் நடக்கும்போதுதான் என்ன பேசிவிட்டோம் என்று உறைத்தது. அந்தக் காப்பியத்தை எழுத அவள் இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவழித்திருந்தாள். திரும்பிப் போய்ச் சமாதானம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். போகவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் அவளுடைய மூன்றாம் வகுப்பு அறையிலேயே நடந்தது. கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற தாசில்தார். அவர் பக்கத்தில் உத்திராபதியும் வேறு சிலரும். உத்திராபதி, எல்லாரும் பார்க்கட்டும் என்று மகளையும் அழைத்து வரச் செய்திருந்தார். சால்வை சுற்றிய மலர்க்கொடி, அம்மா தில்லையம்மாளின் மடியில் முகம் புதைத்துக் கிடந்தாள். சௌந்தரம் ஒரு தாளையும் பேனாவையும் ஆரிபாவின் முன் வைத்தார். அவர் கண் ஆரிபாவைப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசணும்" என்றாள் ஆரிபா.

"ஒரு வார்த்தையும் வேணாம்" என்றார் உத்திராபதி. "கையெழுத்தப் போடு."

ஆரிபா பேனாவைத் தொடவில்லை. எழுந்து, பாடம் நடத்தும்போது நிற்கிற இடத்தில் போய் நின்றாள்.

"பேய் ஓடத்துல ஒரு கால வச்சுதா, செல்லி அதப் பாத்து ஒரு அதட்டுப் போட்டா. 'ஏறுறதுன்னா முழுசா ஏறு, இல்லன்னா எறங்கு. ஓடம் சாயுது பாரு!'"

சால்வைக்குள் தலை அசைந்தது.

"பேய்க்கு ஒண்ணும் புரியல. இதுவரைக்கும் யாரும் அத ஏறச் சொன்னதே கெடையாது. எல்லாரும் கத்திக்கிட்டு ஓடித்தான் பாத்திருக்கு. அதனால ஏறி உக்காந்துச்சு. செல்லி துடுப்ப எடுத்து அது கையில குடுத்தா. 'காலையிலேருந்து எனக்குக் கை வலி. இப்ப நீ போடு'ன்னா."

"நிறுத்தச் சொல்லுங்க சார்!" உத்திராபதி எழுந்துவிட்டார். தாசில்தார் மேசையைத் தட்டி, "உக்காருங்கம்மா" என்றார். ஆரிபா உட்காரவில்லை.

"அப்புறம்?"

கேட்டது மலர்க்கொடி. குரல் கம்மியிருந்தது.

"அப்புறம் என்ன, பேய் துடுப்புப் போட்டுச்சு. போடத் தெரிஞ்சாத்தானே! ஓடம் ஒரே எடத்துல சுத்துது. 'இத்தன வருஷம் தண்ணியிலயே கெடந்திருக்க, துடுப்புப் போடக்கூடக் கத்துக்கலையா நீ'ன்னு செல்லி திட்டுறா. பேய்க்கு வெக்கமாப் போச்சு. இழுத்து இழுத்துப் போட்டதுல கையெல்லாம் கொப்பளம். 'தாயே, என்ன எறக்கி விட்டுடு'ன்னு கெஞ்சுது. 'அக்கரை வந்தாத்தான் எறக்கம்'னுட்டா. பேய் பாத்துச்சு. துடுப்பக் கீழ போட்டுட்டுத் தண்ணியில குதிச்சு, கரையேறி, திரும்பிப் பாக்காம ஓடுச்சு. சொட்டச் சொட்ட நனைஞ்ச பேய் ஓடுறதப் பாத்து வளையில இருந்த நண்டெல்லாம் வெளிய வந்து சிரிச்சுது."

மலர்க்கொடி சிரித்தாள். இருமலும் சிரிப்புமாக, சால்வை நழுவி விழ, சிரித்தாள்.

"கொப்பளம் ஆறிடுச்சா டீச்சர்?"

"எங்க ஆறும்? மருந்து போட யாரும் கிட்டயே போவலியே."

உத்திராபதி மனைவியைப் பார்த்து, "எழுந்திரு, வூட்டுக்குப் போவலாம்" என்றார்.

"இருங்க" என்றாள் தில்லையம்மாள். அவள் அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை அது. "புள்ள சிரிக்குது. சிரிச்சு முடிக்கட்டும்."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா கமிட்டி முடிவுன்னு ஒண்ணு இருக்கும்மா. கையெழுத்தப் போட்டுட்டா, எல்லாரும் இதோட விட்டுடலாம்."

"நான் எழுதுனது தப்புன்னு கையெழுத்துப் போட்டா, இவ இப்ப சிரிச்சதும் தப்புன்னு ஆயிடும் சார். போட மாட்டேன்."

"அப்ப வேலை இல்ல" என்றார் உத்திராபதி.

"சரி. புத்தகமும் இல்ல. எரிக்க வேற ஏதாவது பாத்துக்குங்க."

அலமாரிக்குப் போனாள். பூட்டியிருந்தது. அவள் திரும்பும் முன்பே சௌந்தரம் எழுந்து வந்து, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் தானே திறந்துவிட்டார். கிழிசலும் எண்ணெய்க் கறையுமாக இருந்த தன் புத்தகங்களை ஆரிபா பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வேலை போனது போனதுதான். திங்கட்கிழமைக் காலையில் பள்ளிக்கூடத்து மணிச்சத்தம் காற்றில் வந்தபோது அடுப்படியில் நின்று அழுதாள். லியாக்கத் அலி, "கையெழுத்துப் போட்டிருந்தா இப்ப அழாம இருந்திருப்பியா?" என்று கேட்டான். யோசித்தாள். "இன்னும் ஜாஸ்தியா அழுதிருப்பேன் மச்சான்" என்றாள்.

மலர்க்கொடிக்கு ஜுரம் விட்டது. டாக்டர் மாத்திரையால்தான் என்று உத்திராபதி எல்லாரிடமும் சொன்னார். கடைத்தெருவில் ஒருமுறை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பெண், ஆரிபாவைப் பார்த்ததும் மற்றொரு கையால் துடுப்புப் போட்டுக் காட்டினாள். உத்திராபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசிவரை அவர் மாறவில்லை.

தட்சிணாமூர்த்தி எழுத்தைக் கலைக்கவில்லை. ஒருநாள் அவரே முதுநகருக்கு வந்தார். "பள்ளிக்கூடத்து ஆர்டர் வராதாம்மா, சொல்லிட்டாங்க. வராட்டிப் போவுது. அந்தப் பூதத்துப் பக்கத்த நானே உக்காந்து மறுபடி படிச்சேன். எம்மாடி!" என்றார். காப்பியம் வெளிவந்தது. ஆரிபா சொன்னபடி, பின்னட்டையில் 'இவர் எழுதிய பிற நூல்கள்' என்று துணுக்கும் பேயும் கொட்டை எழுத்தில் இருந்தன.

அந்த மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் கொள்ளாத கூட்டம். அச்சக வாசலில் ஒரு பெஞ்சு போட்டுப் புத்தகங்களைப் பரப்பி வைத்தார் தட்சிணாமூர்த்தி. பெஞ்சுக்குப் பின்னால், தலையில் துப்பட்டியோடு ஆரிபாவே உட்கார்ந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லியும் அவர் நாற்காலி கொடுத்தார். பிள்ளைகள் அட்டைப் படத்தைப் பார்த்து நின்றார்கள், அப்பாக்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். மீசை வைத்த ஒருவர் பேய்க் கதையைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"இத எழுதுனவரு யாரு?"

"நான்தான்."

"பொம்பளையா? பேய்க் கதையா?"

"ஆமா. பயமா இருந்தா துணுக்கு வாங்கிக்குங்க."