பூச்சி அரித்த இரண்டு வரி

மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில், அண்ணனின் துணிக்கடைக்கு மேல்மாடியில் சாஜிதா கீபோர்டு சொல்லிக்கொடுத்துவந்தாள். செம்மநத்தம் போகும் வழியிலுள்ள ஒரு எஸ்டேட் பங்களாவின் அலமாரியில் பழைய கையெழுத்துப் புத்தகம் ஒன்று கிடந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய அரண்மனைகளில் ஆடிய நடனங்களுக்கான இசைக்குறிப்புகள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேல் அவளை நம்பி, முதலாளிக்குத் தெரியாமல் அதை எடுத்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்த பன்னிரண்டு நடனங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும் என்று சாஜிதா இணையத்தில் போட்டாள்.

ஆறாவது நடனத்தின் கடைசி இரண்டு வரிகளை மட்டும் பூச்சி அரித்திருந்தது. ஓட்டையோடு போட அவளுக்கு மனம் வரவில்லை. காதுக்குச் சரியென்று பட்டதைத் தானே எழுதி நிரப்பினாள். அதை எங்கும் குறிப்பிடவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்ததில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

சென்னையிலிருந்து கவிப்பிரியா என்ற ஆராய்ச்சி மாணவி ஒருநாள் மாடியேறி வந்தாள்.

"அந்த ஆறாவது டான்ஸ் முடியுற விதம் வேற எந்தப் புத்தகத்துலயும் இல்ல மேடம். என் ஆராய்ச்சில ஒரு அத்தியாயமே அதப் பத்திதான். மூலத்த ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்."

புத்தகம் பக்கத்து அறையில்தான் இருந்தது. சாஜிதா அந்த அறைக் கதவைச் சாத்தினாள்.

"அது இப்ப இல்லீங்க. எஸ்டேட் ரைட்டரு பழைய பேப்பர்காரங்களுக்குப் போட்டுட்டாருங்க."

முகம் தொங்கிப்போய் அந்தப் பெண் படியிறங்கினாள்.

மறுநாள் காலை பொன்னுவேல் வந்து வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க டீச்சர், நானுங்களா அதை எடைக்குப் போட்டேன்? அந்தப் புள்ள எஸ்டேட்டுக்கே வந்து அழுவுது. மொதலாளிக்கு எழுதப் போறேன்னுட்டு இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகுது. உங்க ஊட்ல இருக்குதுன்னு நான் சொல்லலீங்க. உங்களுக்கு நொம்ப சங்கடமாயிருமேன்னு உட்டுட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். கவிப்பிரியா சேலம் பஸ்ஸில் ஏறக் காத்திருந்தாள்.

"ரைட்டர் மேல தப்பில்லீங்க. பொய் சொன்னது நான்தான். நீங்க எழுதியிருக்கீங்களே, அந்த ஆறாவது டான்ஸோட முடிவும் நான் இட்டுக்கட்டுனதுங்க."

கவிப்பிரியா பக்கத்தைப் பிரித்து, அரித்துப்போன இடத்தில் விரலை வைத்தாள். அந்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

"போன மாசம் அறுபது பேர் முன்னாடி இதப் பத்திப் பேசினேன்," என்றாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அன்றே சாஜிதா இணையத்தில் உண்மையை எழுதினாள். புத்தகத்தையும் பொன்னுவேலிடம் கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் கவிப்பிரியாவிடமிருந்து ஒரே வரியில் மெயில் வந்தது: "மீதி பதினொன்றும் மூலத்தில் உள்ளபடிதானா?"

ஆமாம் என்று அடிக்கப்போன சாஜிதாவின் கை நின்றது. மூன்றாவதில் மங்கிய இடம் ஒன்று இருந்தது. ஒன்பதாவதில் ஒரு ஸ்வரத்தை இறக்கியதாகவும் ஞாபகம். எது அவளுடையது, எது புத்தகத்தில் இருந்தது என்று அவளுக்கே நிச்சயமில்லை.

தயங்கித் தயங்கி எஸ்டேட்டுக்குப் போய், ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுப் பார்க்கப் புத்தகத்தைக் கேட்டாள். பொன்னுவேல் அலமாரியைத் திறந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"இங்கயே வெச்சுப் பாருங்க டீச்சர்," என்றார்.

சாஜிதா முதல் பக்கத்தைப் பிரித்தாள்.