கண்ணாடிக்குள் ஒளி நடக்கும் வேகம்

சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில்தான் லவினாவுக்குப் போன் வந்தது. சந்தாபுராவில் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் குளோரியா பேசினாள். இருவரும் ஒரே சர்ச் கொயரில் பாடுகிறவர்கள்.

"லவினா, இங்க நெட்டு போயிடுச்சுமா. அம்புஜம்னு ஒரு அம்மா, பூ விக்கிறவங்க, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிட்டு வந்திருக்காங்க. ஸ்கேன் எடுத்தாச்சு. சிட்டியில இருக்கிற நரம்பு டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னாதான் எங்க டாக்டர் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடுவாங்க. போன்ல அனுப்பினா படம் நகரவே மாட்டேங்குது. லேட்டானா அந்த ஊசியே போட முடியாது."

லவினா டப்பாவை மூடிவிட்டாள். மர்பி டவுன்காரி. அந்த ஆஸ்பத்திரிக்கு நெட் கொடுக்கும் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் கண்ணாடி இழை கேபிள்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். அவளோடு வேலை செய்யும் பாலகுமார் திண்டிவனத்துக்காரன். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். செல்போன் டவர் வேலையை விட்டுவிட்டு இந்த வருஷம்தான் கேபிளுக்கு வந்திருந்தான். அன்றைக்கு இருவரும் எலக்ட்ரானிக் சிட்டியில் வேறொரு வேலையாக இருந்தார்கள். ஜீப்பைக் கிளப்பும்போதே லவினா, சிவாஜிநகர் ஆபீஸில் இருந்த நீலைக் கூப்பிட்டு, சந்தாபுரா கேபிளில் மீட்டரை மாட்டச் சொன்னாள்.

அந்த மீட்டர் இழைக்குள் ஒரு துளி ஒளியை அனுப்பும். கேபிள் எங்கே அடிபட்டிருக்கிறதோ அந்த இடம் வரைக்கும் போகிற வழியில் ஒளியில் கொஞ்சம் சிதறித் திரும்பி வரும். வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, அடிபட்ட இடம் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடும்.

நீல் தூரத்தைச் சொன்னான். மேப்பில் பார்த்தால் ஹெப்பகோடி தாண்டி, ஒரு டயர் கடை வாசல். அங்கே கேபிள் போகும் குழிக்கு ஒரு சிமென்ட் மூடி இருந்தது. பாலகுமார் கடப்பாரையால் அதை நெம்பித் தூக்கினான். உள்ளே கேபிள் ஒரு கீறல் கூட இல்லாமல் கிடந்தது.

"நல்லாத்தானே இருக்கு! மீட்டரு பொய் சொல்லுதா?" என்றான். அதற்குள் குளோரியா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். "அக்கம்பக்கம் எல்லாத்தையும் தோண்டிப் பார்த்துடலாமா, லவினா?"

"இரு," என்றாள் லவினா. குழி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீலிடம் பேசினாள். "நீல், வழியில ஹெப்பகோடி பேக்கரி கிட்ட கேபிளைச் சேர்த்த நம்ம ஜாயிண்ட் ஒண்ணு இருக்கில்ல, அது மீட்டர்ல எங்க தெரியுது?"

நீல் எண்ணைச் சொன்னான். லவினா மேப்பை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பேக்கரியைத் தாண்டி நூறு மீட்டர் தள்ளிக் காட்டியது.

"ஜாயிண்ட் நடந்து போகாது. அந்த மீட்டர் யாரோடது?"

"நம்மது சர்வீஸுக்குப் போயிருக்கு. வேற டீமோடது."

"ஒளிவிலகல் எண் என்ன போட்டிருக்காங்க பாரு."

நீல் தேடிச் சொன்னான். "ஒண்ணு புள்ளி நாலு ஆறு."

"நம்ம கேபிளுக்கு ஒண்ணு புள்ளி நாலு ஆறு எட்டு. மாத்து."

பாலகுமார் நம்பாமல் பார்த்தான். "கடைசில ஒரு எட்டு. அதுல என்ன வந்துடப் போகுது?"

"வெளிய ஓடுற வேகத்துல ஒளி கண்ணாடிக்குள்ள ஓடாது, பாலா. எவ்வளவு மெதுவாப் போகுதுங்கிறதைத்தான் அந்த நம்பர் சொல்லுது. நிஜத்தைவிட வேகமாப் போகுதுன்னு மீட்டர் நினைச்சிட்டிருக்கு. அதனால எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளிக் காட்டுது. பக்கத்துலன்னா தெரியாது. இத்தனை கிலோமீட்டருக்கு அந்த எட்டே நூறு மீட்டரைத் தாண்டிடும்."

நீல் எண்ணை மாற்றினான். ஜாயிண்ட் பேக்கரி வாசலுக்குத் திரும்பி வந்தது. அடிபட்ட இடமும் சிட்டி பக்கமாக நகர்ந்தது.

இருவரும் வந்த வழியே ஓடினார்கள். ஒரு சந்து முனையில் நடைபாதைக்குப் புதுக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். லவினா மேஸ்திரியிடம் கன்னடத்தில் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னதும், அந்த மனுஷர் பேச்சை முடிக்கவிடவில்லை. தானே குனிந்து கல்லைப் பெயர்த்தார். அடியில் ஒரு ஜல்லித்துண்டுக்கு மேலே கேபிள் கொண்டை ஊசியாக வளைந்து நசுங்கிக் கிடந்தது. அறுபடவில்லை.

லவினா மேல் தோலைப் பதமாகக் கீறிப் பிரித்தாள். பாலகுமார் பேக்கரி ஜாயிண்டுக்குப் போய் இழையில் சிவப்பு லேசரை மாட்டினான். திரும்பி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். லவினாவின் உள்ளங்கை நிழலில், தலைமுடி போன்ற இழை வளைந்த அந்த ஒரே இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு கசிந்துகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டு.

"ஒளி வெளிய வருதே!"

"நடுவுல ஒரு கண்ணாடி, சுத்தி இன்னொரு கண்ணாடி. நடுவுல இருக்கிறதுக்கு எண் துளி அதிகம். அந்தத் துளி வித்தியாசம்தான் ஒளியை உள்ளேயே திருப்பித் திருப்பி அனுப்புது. ரொம்ப வளைச்சா அதால பிடிச்சு வைக்க முடியாது. கசிஞ்சிடும்."

பேசிக்கொண்டே வளைவை மெல்ல, மிக மெல்லத் தளர்த்தினாள். பொட்டு மங்கியது. பிறகு அணைந்தது. ஒளி உள்ளே போய்விட்டது. பாலகுமார் மறுபடி பேக்கரிக்கு ஓடி, லேசரைக் கழற்றி, இழையைப் பழையபடி சேர்த்து ஜாயிண்டை மூடுவதற்குள் நீல் போனில் கத்தினான்: "நெட்டு வந்துடுச்சு!"

டவரில் இருந்தபோது ஊரையே காற்றில் இணைத்தோம் என்று பாலகுமாருக்கு ஒரு பெருமை உண்டு. இப்போது இந்தக் கண்ணாடி முடியை நினைத்தான். குழிக்குள், சேற்றுக்குள், லாரிச் சக்கரங்களுக்குக் கீழே, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறு வித்தியாசத்தை நம்பி, ஒரு பெண்ணின் மூளைப் படம் முழுசாகச் சிட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

மேஸ்திரி அந்த இடத்தில் கல் வைக்காமல் விட்டார். கேபிளின் அடிபட்ட துண்டை மறுநாள் மாற்றுவதாக லவினா சொன்னாள். பிறகு இருவரும் டயர் கடைக்கு எதிரே காபி குடிக்கப் போனார்கள்.

காபி ஆறும்வரை குளோரியாவின் போன் வரவில்லை. வந்ததும் லவினா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டாக்டர் பார்த்துட்டாங்க லவினா. ஊசி போட்டாச்சு. இப்பத்தான் அந்தம்மா விரலை அசைச்சாங்க. பூக்கூடை எங்கன்னு கேக்கிறாங்க."

லவினா போனை மேசையில் வைத்தாள். டம்ளரை எடுத்தாள். அவ்வளவு நேரம் முடியிழையை ஆடாமல் பிடித்திருந்தவள், இப்போது அதைச் சாய்த்துவிட்டாள். காபி மேசையில் சிந்தியது.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டான் பாலகுமார்.

"முதல்ல இருந்தே," என்றாள் லவினா. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பாலகுமார் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, சூடாக இன்னொரு காபி சொன்னான்.