தூங்கினால் நிற்கும் லாரி

டர்போ பொருத்திய மூன்றாம் நாளிலிருந்து அந்த லாரி, டிரைவரின் மனைவி மூச்சை உள்ளே இழுத்தால்தான் நின்றது. வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் புருஷனும் பெண்டாட்டியுமாக ஏற்றி இறக்கிப் பிழைத்த பழைய பெட்ரோல் லாரி அது. பாரம் ஏற்றினால் மேட்டில் மூச்சு வாங்கும்; சைக்கிள்காரன்கூட மணியடித்துக்கொண்டு முந்திப் போவான். மானம் போகிறதே என்றுதான் டிரைவர் எஞ்சினுக்கு வலு கூட்டும் டர்போ வைத்தான். மேடு ஏறியது, ஏறியது, அப்படி ஏறியது! இறங்கும்போதுதான் பிரேக் பெடல் கல்லாக இறுகிக்கொண்டது.

மெக்கானிக் நேர்மையான ஆள், மறைக்காமல் சொன்னான். முன்பு எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் கொஞ்சம் ரப்பர் குழாய் வழியாகப் பிரேக்குக்கும் போய்க் காலுக்குத் துணை நின்றது. இப்போது டர்போ காற்றை உள்ளே ஊதித் தள்ளுகிறது. ஊதுகிற இடத்தில் உறிஞ்சல் எங்கிருந்து வரும்? ஒருவழி வால்வைப் புதிதாக மாற்றினான், உறிஞ்சலைச் சேமிக்கத் தகர உருளை ஒன்று வைத்தான், தனியாகப் பம்ப்பும், உறிஞ்சலை அளந்து காட்ட ஒரு மீட்டரும் மாட்டினான். அப்படியும் டிரைவர் தனியாக ஏறினால் மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் மனைவி ஏறி உட்கார்ந்து, எதிரே திரும்பிய ஆட்டோவைப் பார்த்து மூச்சை 'ஸ்ஸ்' என்று இழுத்தாள். முள் பதினெட்டுக்கு ஏறி நின்றது. மூன்று தடவை சோதித்துவிட்டு மெக்கானிக் பம்ப்பைக் கழற்றிக்கொண்டான். இது எதுக்கு, அக்கா போதும் என்றான்.

கல்யாணமான நாளிலிருந்தே அவள் அப்படித்தான். வண்டி கிளம்பினாலே பயந்து கதவுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். காலடியில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பாள். தன்மேல் நம்பிக்கை இல்லையா என்று அவன் போடாத சண்டை இல்லை. இப்போது அந்த மூச்சுதான் சோறு போட்டது, வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.

ஆறு வருஷம் போனது. பிறகு யாருமே நினைக்காத ஒரு கோளாறு வந்தது: அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. ஒரு கீறல் இல்லாமல் ஆறு வருஷம் ஓட்டினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? முள் பதினான்குக்கு இறங்கியது, பிறகு ஒன்பதுக்கு. வேண்டுமென்றே வெட்டி வெட்டி ஓட்டிப் பார்த்தான். அவள் சிரித்தபடி பட்டாணி உரித்தாள். பாவம், அந்த நம்பிக்கைக்காக வாழ்நாளெல்லாம் ஏங்கியவன், அது வந்து சேர்ந்தபோது உள்ளுக்குள் நடுங்கினான். அவளிடம் அதைச் சொல்லவும் மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம், மூன்று அறை வீட்டுச் சாமானோடு மேம்பாலத்தில் இறங்கும்போது அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கீழே சிக்னலில் குழந்தைகள் நிறைந்த வேன் ஒன்று நின்றிருந்தது. பெடலை மிதித்தான், அசையவில்லை. எழுப்பலாம் என்று திரும்பினான். வாய் லேசாகத் திறந்து, வேர்வையில் முன்முடி நெற்றியில் ஒட்டி, அவள் அத்தனை நிம்மதியாகத் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்ததும் தன்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுத்தான். பெடல் பஞ்சு போல இறங்கியது. லாரி வேனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

குலுக்கலில் அவள் விழித்தாள். மூச்சை விட மறந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். முள் இருபத்திரண்டில் இருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"இத்தன வருஷம் நான் பயந்தேன். இனிமே நீங்க பயப்படுங்க," என்றாள். "எனக்குத் தூக்கம் வருது."

மறுபடி தோளில் சாய்ந்துகொண்டாள். லாரி அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஓடியது. வருஷா வருஷம் தகுதிச் சான்றிதழுக்குப் போகும்போது சோதனை அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அந்த அம்மா நன்றாகத் தூங்கிவிட்டார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே பிரேக்கைச் சோதித்து முத்திரை குத்துவார்.