முள்ளுருண்டைக்கு வைத்த தீனி

தொண்ணூற்று இரண்டாம் வருடம் ஆவணி மாதம், ஆனைமலைக்குத் தெற்கே சாமியாத்தாளின் தோட்டத்துக் கிணற்றில் கடல் வந்தது. அந்த வாரம் தேங்காய் விலை படுத்துவிட்டதால் ஊரில் பேச்செல்லாம் தேங்காயைப் பற்றித்தான். கடலைப் பார்க்க வந்தவர்களும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து அதையே பேசிவிட்டுப் போனார்கள். தண்ணீர் தினம் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். அமாவாசைக்கு மேல்படி வரை வந்து துவைக்கிற கல்லை நனைக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தில் மொண்டுபோய் மாங்காய் ஊறப்போட்டார்கள். தண்ணீர் இறங்கிய நேரத்தில் எட்டிப் பார்த்தால் கிணற்றுச் சுவர் முழுக்க நாவல்பழ நிறத்தில் முள்ளுருண்டைகள் அப்பிக்கொண்டிருந்தன. சாமியாத்தாளின் வீட்டுக்காரர் லாரியோடு பாதி நாள் வடக்கே கிடப்பவர். ஆகவே அவள் ஊருக்குள் எண்ணெய் மில் வைத்திருந்த தம்பிதுரைக்குச் சொல்லி அனுப்பினாள். கூடப்பிறந்தவன்தான். ஆனால் தாய் தகப்பன் போனபிறகு சோறூட்டி, முதுகு தேய்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியது அவள்.

தம்பிதுரை கொச்சியிலிருந்து ஒரு வியாபாரியைக் கூட்டிவந்தான். அவர் அதைக் கடல் முள்ளெலி என்று சொல்லி, ஓர் உருண்டையை உடைத்துக் காட்டினார். உள்ளே ஐந்து சுளை. ஜப்பான்காரர்கள் அதைப் பச்சையாகவே தின்பார்களாம், நல்ல மஞ்சளாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்வார்களாம். அக்காள் தீனி போடுவது, தம்பி விற்பது என்று முடிவாயிற்று. கொங்கு நாட்டில் எந்த உயிர் வாசலுக்கு வந்தாலும் முதலில் புண்ணாக்குத்தான் வைப்பார்கள். கறவை மாட்டுக்கு ஆவது கடலுக்கு ஆகாமலா போகும்? மில்லிலிருந்து தேங்காய்ப் புண்ணாக்கு வந்தது. முள்ளுருண்டைகள் தின்று பெருத்தன. சுளை மட்டும் சோப்புத்துண்டு போல வெளுத்து, சிக்கு வாடை அடித்தது. கடைசியில் கோயமுத்தூர்க் காலேஜ் ஒன்றில் விலங்கியல் நடத்தும் ஜோஸ்லின் பஸ் பிடித்து வந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மா, கொழுப்புல பல தினுசு இருக்குதுங்க. சிலதை இதுக தானாச் செஞ்சுக்கும். செஞ்சுக்க முடியாத கொழுப்பு அமிலமும் இருக்குது, அதை நாமதான் தீனியில குடுக்கோணும். தேங்காய்ப் புண்ணாக்குல அது இல்லீங்க. ஆளிவிதையும் கீரையும் அரைச்சுப் போட்டுப் பாருங்க. கையால என்ன குடுக்கறீங்களோ அதுதான் சுளையா நிக்கும்" என்றார்.

சாமியாத்தாள் ஆட்டுக்கல்லில் ஆளிவிதையையும் முருங்கைக்கீரையையும் அரைத்து உருட்டிப் போட்டாள். "வாங்க கண்ணுகளா" என்று அவள் கூப்பிட்டால் உருண்டைகள் முள்ளை ஊன்றிப் படியேறி வந்து அவள் பாதத்தருகே நிற்கும். பொங்கலுக்குள் சுளை பசுமஞ்சள் கிழங்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு வருடம் கொச்சிக்கு வண்டி போயிற்று.

பிறகு தம்பிதுரைக்குக் கல்யாணம் கூடியது. தட்டோடு வந்து கூப்பிட்டான். "நீ வந்து நிக்காம எனக்கென்ன சீரு, அக்கா?" என்றான். இணைச்சீர் அன்று கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடமும் மறுமுனை அவளிடமும் இருந்தது. கல்யாணம் ஆனாலும் கூடப்பிறந்தவளை விடமாட்டேன் என்பதுதான் அந்தச் சீருக்கு அர்த்தம். அவள் மனம் குளிர்ந்து நின்ற அதே முகூர்த்தத்தில், அவனுடைய மில் ஆட்கள் அவள் கிணற்றில் இறங்கி முள்ளுருண்டைகளை ஒன்றுவிடாமல் வழித்துத் தம்பிதுரையின் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லாபத்தில் பங்காளி வேண்டாம் என்று அவன் முடிவு செய்திருந்தான். சீர்ப்பலகாரத்தோடு திரும்பியவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். கடலும் போய்விட்டிருந்தது. கிடந்தது நல்ல தண்ணீர், தென்னைக்குப் பாய்ச்சலாம். வளர்த்த கடா மார்பில் பாய்வது என்று சொல்லக் கேட்டிருந்தாள். பாய்ந்தால் எங்கே வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். சேலை முனையைக் கையில் கொடுத்துக்கொண்டே செய்தானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

தம்பிதுரையின் கிணற்றுக்குக் கடல் வரவில்லை. லாரியில் உப்பு கொண்டுவந்து கரைத்தான், மில் கசடைத் தீனியாகப் போட்டான். சுளை கசந்தது, உருண்டைகள் முள் உதிர்த்தன. கூச்சமே இல்லாமல் அக்காளிடம் வந்து நின்றான். வாயில்லாச் சீவன்கள் பட்டினி கிடப்பதைக் கேட்டு அவளால் இருக்க முடியவில்லை. தினம் போய் அரைத்தாள். அரைக்கும்போது அழுதாள், அழுதது ஆளிவிதையோடு சேர்ந்து அரைபட்டது. நாளாக ஆக அவள் நெஞ்சு லேசானது. ஒருநாள் அழ உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. என்ன நடந்தது என்பது ஒன்றுவிடாமல் நினைவிருந்தது. அதன் வலி மட்டும் கை வழியாக இறங்கி முள்ளுருண்டைகளுக்குள் போய்விட்டிருந்தது.

சுளை அதுவரை கண்டிராத மஞ்சளில் வந்தது. கொச்சி வியாபாரி ஒன்றைத் தின்றுவிட்டு மச்சானோடு பேச்சை நிறுத்தினார். கப்பலேறிப் போன ஊரில் ஒரு விருந்தில் பாதிப் பேர் இலையிலிருந்து எழுந்து அண்ணன் தம்பிகளிடம் நியாயம் கேட்கப் போனார்களாம். ஆனாலும் சரக்குக்குக் கிராக்கி கூடியது. அப்படி என்னதான் இருக்கிறது என்று தம்பிதுரை ஐந்து சுளையையும் தின்று பார்த்தான்.

தின்றவன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். தனக்கு யாரோ துரோகம் செய்துவிட்டார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. யார் என்று யோசித்தான். தன் கிணற்றில் இறங்கித் தீனி போட்டவள் அக்காள் ஒருத்திதானே! "தூக்கி வளத்தேனே, வளத்த கையையே கடிச்சுப்போட்டாளே!" என்று சந்தையில், பஸ் ஸ்டாண்டில், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் சொல்லிச் சொல்லி அழுதான். யார் யாரை வளர்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அழுகிறவன் பக்கம்தான் ஊர் நிற்கும். "பாருங்க, அந்தம்மா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா?" என்றார்கள்.

ஆனைமலையில் வஞ்சிக்கப்பட்டவர்கள் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவது வழக்கம். கூடப்பிறந்தவன் மேல் அரைக்கக் கூடாது என்று சாமியாத்தாள் ஒருநாளும் அரைத்ததில்லை. தம்பிதுரை அரைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாமி கும்பிடப் போனவள் அவன் குழவியைப் பிடித்துக்கொண்டு தேம்புவதைக் கேட்டாள். ஆட்டுக்கல்லில் அவள் அழுத அதே அழுகை, விக்கலில்கூட ஒரு பிசகு இல்லை. கேட்டுக்கொண்டே நின்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா தாயே, இப்படியொரு துரோகம் பகையாளிக்கும் நடக்கக் கூடாது" என்று அவனுக்காகவும் வேண்டிக்கொண்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.